பதின்மூன்றாம் சுற்று
(மன்றத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விரும்பிய பொருள் பற்றிப் பேசலாம் என்று விழாக் குழுவினர் எனக்கு உரிமை அளித்திருந்தனர். குத்துச்சண்டை பற்றிப் பேசப்போகிறேன் என்று நான் சொன்னதும் செயலாளர் அவர்கள் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எங்காவது ஓரிடத்தில் இலக்கியத்தோடு முடிச்சுப் போட்டுவிடுங்கள் ஐயா" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அவருடைய கவலையை முதலிலேயே தீர்த்துவிடுகிறேன். இருவர் தனித்து மோதுவதைப் பாடுவது தமிழுக்குப் புதிதன்று. போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருத மற்போரைச் சாத்தந்தையார் பாடிய பாடல்கள் புறநானூற்றில் 80, 81, 82 என அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றுள் இறுதிப் பாடலில் அப்போரின் விரைவுக்கு அவர் ஓர் உவமை சொல்கிறார். ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது. வீட்டில் மனைவிக்குப் பேற்றுவலி. மழையோ விடவில்லை, பொழுதும் சாய்கிறது. இத்தனைக்கும் இடையில் ஒரு தொழிலாளி கட்டிலுக்கு வார் பின்னிக்கொண்டிருக்கிறான். அவன் கையிலிருக்கும் ஊசி எவ்வளவு விரைந்து ஓடுமோ, அதனினும் விரைந்தது அந்தப் போர் என்கிறார். மின்னலைச் சொல்லியிருக்கலாம், காற்றைச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. வீட்டு நினைவு கையை விரட்டுகிறதே, அந்த விரைவைச் சொன்னார். இந்த ஊசியை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். பின்னால் நமக்குத் தேவைப்படும்.

குத்துச்சண்டை என்றதும் நம்மில் பெரும்பாலோர்க்கு முகம்மது அலியின் பெயர்தான் நினைவுக்கு வரும். 1980இல் அவர் சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் மோதியதை நேரில் கண்டவர்கள் இந்த அவையிலும் இருக்கக்கூடும். ஆற்றல்மிக்க குத்துக்காரர் ஒருவரை விரைவுமிக்க ஒருவர் வென்ற கதை வேண்டுமானால், 1974 அக்டோபர் 30ஆம் நாள் கின்ஷாசா நகரில் ஜார்ஜ் ஃபோர்மனை அலி எட்டாம் சுற்றில் வீழ்த்திய கதையையே சொல்லிவிடலாம். அதை எல்லோரும் சொல்லியாயிற்று. நான் சொல்ல விழைவது அதற்கு முப்பத்து மூன்று ஆண்டுகள் முற்பட்ட ஒரு கதை. அதில் விரைந்தவர் தோற்றார். அதுவும் எப்படி? வென்றுகொண்டிருக்கும்போதே தோற்றார்.

1941 ஜூன் 18. நியூயார்க் நகரின் போலோ கிரவுண்ட்ஸ் திடல். பெயர் போலோ என்றிருந்தாலும் அது பேஸ்பால் ஆடிய இடம். அன்றிரவு ஐம்பத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே திரண்டிருந்தனர். ஹெவிவெயிட் எனப்படும் பேரெடைப் பிரிவின் உலகப் பட்டம் ஜோ லூயிஸிடம் இருந்தது. அதைப் பறிக்க வந்தவர் பில்லி கான். நம்மவர் காதில் இந்தப் பெயர் வேறுவிதமாக ஒலிக்கும். இவர் பிட்ஸ்பர்க் நகரத்து ஐரிஷ் மரபினர்.

லூயிஸைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில், ஆற்றல்மிக்கவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கையைச் சுழற்றுபவர் என்று ஓர் எண்ணம் நமக்குள் இருக்கிறது. 1914இல் அலபாமா மாநிலத்தில் குத்தகை உழவுக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். பெற்றோர் முன்னாள் அடிமைகளின் வழிவந்தவர்கள். பன்னிரண்டு வயதளவில் குடும்பம் வடக்கே டெட்ராய்ட் நகருக்குக் குடிபெயர்ந்தது. 1937 ஜூன் 22 அன்று ஜேம்ஸ் பிராடக்கை வீழ்த்தி உலகப் பட்டத்தைப் பெற்றார். அவருக்கு முன் இப்பட்டத்தை வைத்திருந்த ஒரே கறுப்பினத்தவர் ஜாக் ஜான்சன். ஜான்சன் 1915இல் பட்டத்தை இழந்தபின், இருபத்திரண்டு ஆண்டுகள் வேறெந்தக் கறுப்பருக்கும் அந்தப் பட்டத்துக்காகப் போட்டியிடும் வாய்ப்புக்கூட அளிக்கப்படவில்லை. வெள்ளையரை வீழ்த்திவிட்டு ஜான்சன் வாய்விட்டுச் சிரித்தார் என்பதே அவர்மீது சாட்டப்பட்ட பெருங்குற்றம்.

ஆகவே லூயிஸின் மேலாளர்கள் அவருக்குச் சில விதிகளை வகுத்தனர். வீழ்ந்த எதிரியின் முன் மகிழ்ச்சி காட்டலாகாது. வெள்ளைப் பெண்களோடு படம் எடுத்துக்கொள்ளலாகாது. எதிரியை இழித்துப் பேசலாகாது. முகம் எப்போதும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். செய்தித்தாள்காரர்கள் அந்த முகத்தை உணர்ச்சியற்ற முகம் என்று எழுதினார்கள். அதற்குள் எத்தனை அடக்கம் பழக்கப்பட்டிருந்தது என்பதை அவர்கள் எழுதவில்லை. இந்த அடக்கம் அவருடைய குத்திலும் இருந்தது. லூயிஸ் கையை நெடுந்தொலைவு ஓங்கமாட்டார். காலைத் தரையோடு தேய்த்து நகர்ந்து, எதிரியின் ஓட்டத்துக்கான இடத்தைச் சிறிது சிறிதாகக் குறுக்கிக்கொண்டே வருவார். குத்து ஒரு சாண் தொலைவுதான் பயணம் செய்யும். அதற்குள் எல்லா ஆற்றலும் அடங்கியிருக்கும். ஒன்றையடுத்து ஒன்றாக நாலைந்து குத்துகள் இடைவெளியின்றி விழும். மெதுவான கால், மிக விரைவான கை, இதுதான் லூயிஸ். ஆற்றல் ஒருபுறம், விரைவு மறுபுறம் என்று பட்டிமன்றம் போல் அணி பிரித்துவிட முடியாது என்பதை இவரிடம் காண்கிறோம்.

1940 டிசம்பர் முதல் மாதத்துக்கு ஒருவர் வீதம் எதிரிகளைச் சந்தித்துத் தம் பட்டத்தைக் காத்துவந்தார். ஏளனம் செய்வோர், மாதம் ஒரு சோப்ளாங்கி என்று அந்த வரிசைக்குப் பெயரிட்டனர். அவ்வரிசையில் ஏழாவதாக, ஜூன் மாதத்துக்கு உரியவராக வந்தவர்தான் கான்.

பில்லி கானுக்கு அப்போது வயது இருபத்து மூன்று. அழகர். திரைப்படத்தில் நடிக்க அழைக்கப்படும் அளவுக்கு அழகர். பதினாறு, பதினேழு வயதிலேயே தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு வந்து, எடை கூடக்கூட ஒவ்வொரு பிரிவாக ஏறி, 1939இல் லைட் ஹெவிவெயிட் பிரிவின் உலகப் பட்டத்தைப் பெற்றவர். லூயிஸோடு மோதுவதற்காக அந்தப் பட்டத்தைத் துறந்தார். அவருடைய தொழில் முழுவதிலும் எழுபதுக்கு மேற்பட்ட போட்டிகள். நாக் அவுட் வெற்றிகளோ பதினைந்து அளவே. அதாவது, வீழ்த்தி வெல்பவர் அல்லர். தொட்டுத் தொட்டு விலகி வெல்பவர். எதிரி அடிக்க ஓங்கும் இடத்தில் அவர் இருக்கமாட்டார். எதிரி கையை இழுத்துக்கொள்ளும் முன் அவருடைய இடக்கை நேர்க்குத்து எதிரியின் முகத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பியிருக்கும்.

எடைப் பார்வையில் லூயிஸ் 199½ பவுண்டு. கான் 174 பவுண்டு என்று அறிவித்தார்கள். உண்மையில் 169தான் என்றும், வேறுபாடு பெரிதாகத் தெரிந்தால் நுழைவுச்சீட்டு விற்காது என்று போட்டி நடத்துநர் ஐந்து பவுண்டைக் கூட்டிச் சொன்னார் என்றும் பின்னாளில் எழுதப்பட்டது. எப்படியாயினும் பத்துப் பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாத வேறுபாடு. இச்சிறுவனை அடித்தான் என்ற பேச்சு எழக்கூடாது என்று லூயிஸ் தம் எடையைக் குறைத்துக்கொண்டார். அதனால் களத்தில் சோர்ந்தும் போனார் என்று அவரே பின்னர்ச் சொல்லியிருக்கிறார்.

ஒரு செய்தியை இங்கே சொல்லியாக வேண்டும். பிட்ஸ்பர்கில் கானின் தாய் புற்றுநோயால் படுக்கையில் இருந்தார். போட்டிக்குப் புறப்படுமுன் மகன் விடைபெறச் சென்றார். அடுத்த முறை உங்களைக் காணும்போது நான் உலகச் சாம்பியனாக இருப்பேன் என்ற பொருள்பட மகன் சொன்னதாகவும், அடுத்த முறை நாம் காண்பது விண்ணுலகில்தான் என்ற பொருள்படத் தாய் மறுமொழி கூறியதாகவும் அந்தக் குடும்பத்தார் வாய்வழி வந்த செய்தி உண்டு. போட்டி முடிந்த சில நாள்களில் அந்த அம்மையார் மறைந்தார்.

அன்றிரவு அதே பிட்ஸ்பர்கில், ஃபோர்ப்ஸ் ஃபீல்ட் திடலில் பேஸ்பால் ஆட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. குத்துச்சண்டையின் வானொலி வருணனை தொடங்கியதும் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆட்டக்காரர்களும் பார்வையாளர்களும் ஒலிபெருக்கியில் தங்கள் ஊர்ப் பிள்ளையின் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தனர். ஓர் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது என்பது இதுதான் போலும்.

விதிகளைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். பதினைந்து சுற்றுகள்; சுற்றுக்கு மூன்று நிமிடம்; இடையே ஒரு நிமிட ஓய்வு. மேடையில் நிற்கும் நடுவர் ஒருவர், கீழே அமர்ந்த மதிப்பீட்டாளர் இருவர். ஒவ்வொரு சுற்றும் யாருக்கு என்று மூவரும் தனித்தனியே குறிப்பார்கள். எவரும் வீழாவிட்டால், மூவரில் இருவர் யார் பக்கமோ அவர் வென்றார்.

முதல் இரண்டு சுற்றுகளும் லூயிஸுக்கே போயின. கானின் கால்களில் அச்சம் தெரிந்தது. மூன்றாம் சுற்றில் அந்தக் கால்கள் தம் இயல்புக்குத் திரும்பின. அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படச்சுருளை நண்பர் ஒருவர் வீட்டில் கண்டேன். தெளிவில்லாத படம், ஆயினும் இருவரின் நடையும் நன்கு தெரிகிறது. லூயிஸ் நேர்கோட்டில் வருகிறார். கான் அரைவட்டத்தில் விலகுகிறார். லூயிஸ் அந்த இடத்துக்கு வந்து சேரும்போது, அங்கே முன்பு கான் இருந்தார் என்பது மட்டுமே மிஞ்சுகிறது. நடுச் சுற்றுகளில் லூயிஸின் குத்துகள் கானை உலுக்கத்தான் செய்தன. ஆனால் எட்டாம் சுற்றிலிருந்து மேடை கானுடையதாயிற்று. அவர் விலகுவதோடு நிற்கவில்லை. நின்று அடித்துவிட்டு விலகினார். லூயிஸின் கை வரவரச் சுணங்கியது. பன்னிரண்டாம் சுற்றில் கானின் இடக்கை வளைகுத்து ஒன்று லூயிஸைத் தள்ளாட வைத்தது. உலகச் சாம்பியன் எதிரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த ஒரு நிமிட ஓய்வுக்கு வருகிறேன். என் பேச்சின் நடுவிடம் அதுதான்.

லூயிஸின் மூலையில் அவருடைய பயிற்சியாளர் ஜாக் பிளாக்பர்ன், நீ தோற்றுக்கொண்டிருக்கிறாய், இனி அவரை வீழ்த்தினால்தான் பட்டம் என்று சொன்னார். லூயிஸ் கேட்டுக்கொண்டார். கானின் மூலையில் இருந்தவர்களோ, நீ வென்றுகொண்டிருக்கிறாய், விலகி நின்று ஆடு, கிட்டப் போகாதே என்றனர். கான் கேட்கவில்லை. அவரை நாக் அவுட் செய்யப்போகிறேன் என்றார்.

அப்போது மூன்று குறிப்பேடுகளிலும் என்ன இருந்தது என்பது பின்னர் வெளிவந்தது. ஒன்றில் கானுக்கு ஏழு சுற்று, லூயிஸுக்கு ஐந்து. இன்னொன்றில் கானுக்கு ஏழு, லூயிஸுக்கு நான்கு, ஒன்று சமம். மூன்றாவதில் இருவருக்கும் ஆறு ஆறு. கணக்குப் போட்டுப் பாருங்கள். எஞ்சிய மூன்று சுற்றுகளில் ஒரே ஒரு சுற்றை வென்று, மற்ற இரண்டிலும் வீழாமல் நின்றிருந்தால் போதும். முதல் இரண்டு ஏடுகளிலும் கான் எட்டுச் சுற்று பெற்றிருப்பார். உலகப் பட்டம் அவருடையது. பன்னிரண்டு சுற்றுகள் செய்ததை இன்னும் மூன்று நிமிடம் செய்தால் போதும். வேறெதுவும் வேண்டியதில்லை.

மணி அடித்தது. பதின்மூன்றாம் சுற்றில் கான் முன்னேறி வந்தார். வட்டம் மறைந்து நேர்கோடாயிற்று. வீழ்த்துவதற்கு நெருங்க வேண்டும். நெருங்கினால் இருவர் கைக்கும் ஒரே தொலைவு. அந்த ஒரு சாண் தொலைவு லூயிஸுடைய நிலம். பதினோரு சுற்றுகளாக அவர் தேடிய நிலத்தை எதிரியே கொண்டுவந்து கொடுத்தார். லூயிஸ் பாயவில்லை. சிறிது பொறுத்தார். கான் பெரிதாக ஓங்கிய ஒரு கணத்தில் வலக்கைக் குத்து ஒன்று நுழைந்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக விழுந்த குத்துகளை எண்ண முடியவில்லை. இறுதியில் வலக்கை தாடையில் இறங்க, கான் சுழன்று விழுந்தார். நடுவர் பத்து எண்ணி முடித்தபோது சுற்றில் 2 நிமிடம் 58 நொடி ஆகியிருந்தது. இரண்டு நொடி மிச்சம். லூயிஸ் முகத்தில் எந்த மாறுதலும் இல்லை. அவருக்கு விதிக்கப்பட்டிருந்தபடி ஒதுங்கி நின்றார்.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டவர்களுக்கு, மடத்தனம் செய்ய முடியாவிட்டால் ஐரிஷ்காரனாய்ப் பிறந்து என்ன பயன் என்ற கருத்தில் கான் நகைச்சுவையாய் விடையளித்தார். நாட்டார் அனைவரும் அதையே ஏற்றுக்கொண்டனர். எனக்கு அது போதவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில் பாப் பாஸ்டர் என்ற பேரெடைக்காரரை அவர் இதே பதின்மூன்றாம் சுற்றில் வீழ்த்தியிருந்தார். வீழ்த்துவதன் சுவை நாவில் ஒட்டியிருக்கும். அத்தோடு, புறநானூற்றின் அந்த ஊசியை நினைத்துப் பாருங்கள். வீட்டில் ஒருவர் பிறக்கும் வேளைக்கு விரைந்தவன் அந்தத் தொழிலாளி. வீட்டில் ஒருவர் இறக்கும் வேளைக்கு விரைந்தவர் இந்த மகன். இன்னும் மூன்று சுற்று என்பது பன்னிரண்டு நிமிடம்தான். அந்தப் பன்னிரண்டு நிமிடமும் அவருக்குப் பொறுக்கவில்லையோ என்று நான் எண்ணுவதுண்டு. இது என் ஊகமே. கான் ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லை.

வேறொன்றையும் சொல்ல வேண்டும். கானால் அந்தத் துணிச்சலைச் செலவழிக்க முடிந்தது. தோற்றாலும் அவர் ஊரின் செல்லப்பிள்ளை. உண்மையில் தோற்றபின்தான் அவருடைய புகழ் பன்மடங்காயிற்று. லூயிஸ் தோற்றால் தோற்பது ஒருவர் அன்று. 1936இல் ஜெர்மனியின் மேக்ஸ் ஷ்மெலிங்கிடம் அவர் தோற்ற இரவில் கறுப்பின மக்கள் தெருவில் நின்று அழுதார்கள். 1938இல் அதே ஷ்மெலிங்கை முதல் சுற்றிலேயே அவர் வீழ்த்தியபோது அதே தெருக்களில் ஆடினார்கள். அப்படிப்பட்ட ஒருவர், பன்னிரண்டு சுற்றுகள் அடிபட்டும் தம் கோட்டை விட்டு விலகாதிருந்ததைப் பொறுமை என்ற ஒரு சொல்லால் கடந்துபோக எனக்கு மனமில்லை. அந்தப் பொறுமை அவருக்குக் கற்றுத்தரப்பட்ட முறை இனிமையானதன்று.

திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். கான் எதிரியின் வலியை அறிந்திருந்தார், காலத்தை அளந்திருந்தார், இடத்தை ஆண்டிருந்தார். தம் வலி எத்தகையது என்பதை மட்டும் மூன்று நிமிடம் மறந்தார். எதிரியை வெல்லப் போனவருக்கு எதிரியாகவே ஆகிவிடும் ஆசை வந்தது.

கவிஞர் பெருமக்கள் சிலர் இங்கே புன்னகை செய்கிறீர்கள். என் பேச்சு எங்கே போகிறது என்று ஊகித்துவிட்டீர்கள். கவிதையின் கடைசி வரியில் ஓங்கி ஒரு குத்து விடும் பழக்கத்தைத்தானே சொல்லப்போகிறாய் என்று கேட்கிறீர்கள். ஆம், அதுவும் உண்டு. இருபது வரிகள் மெல்லிய காலால் நடந்து வந்த ஒரு கவிதை, கைதட்டலுக்காக இருபத்தோராம் வரியில் நின்று கையை ஓங்குவதை இந்த அரங்கில் பலமுறை கண்டிருக்கிறேன். கைதட்டியவர்களில் நானும் ஒருவன். ஆனால் பிறரைக் குறை சொல்வதற்காக நான் இந்தக் கதையைத் தேர்ந்தெடுக்கவில்லை.

மன்றம் தொடங்கிய மூன்றாம் ஆண்டு. மாதக் கூட்டங்களில் திறனாய்வுரை சொல்லும் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஓர் இளைஞர் நெடுங்கவிதை ஒன்றைப் படித்தார். குறைகள் இருந்தன. நான் அரை மணி நேரம் பேசினேன். எந்த உவமை எங்கே முறிகிறது, எந்தச் சொல் எதற்காக நிற்கிறது என்று ஒவ்வொன்றாய் எடுத்துக் காட்டினேன். அந்த இளைஞர் மறுக்கவில்லை. முன்வரிசையில் அமர்ந்து நான் சொல்வதைக் குறித்துக்கொண்டிருந்தார். அவை என்னோடு இருந்தது. எனக்கு இரண்டு நிமிடம் மிச்சம் இருந்தது. அங்கே நிறுத்தியிருக்கலாம். முடிக்கும்போது ஒரு வாக்கியம் சொன்னேன். அவை முழுதும் சிரித்தது. அந்த வாக்கியத்தை இங்கே மீண்டும் சொல்லமாட்டேன். அன்று இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். நான் அரை மணி நேரம் சொன்ன மற்றவை எவருக்கும் நினைவிருக்காது. அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தேநீர் அருந்தும் வரை இருந்தார். அடுத்த மாதம் வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை. அவர் இப்போது எழுதுகிறாரா என்பதை நான் அறியேன்.

அன்று நான் வென்றுகொண்டிருந்தேன். அவரும் வென்றுகொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை, குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாரல்லவா? கானின் தவறு கானை மட்டுமே வீழ்த்தியது. என் தவறு விழுந்தது என்மேல் அன்று. இந்த விழாவுக்கு வருமாறு பழைய முகவரிக்கு அவருக்கு என் கையாலேயே கடிதம் எழுதினேன். மறுமொழி இதுவரை வரவில்லை. வராததில் வியப்பும் இல்லை.

கதையின் எஞ்சிய பகுதியைச் சொல்லி அமர்கிறேன். கானுக்கும் லூயிஸுக்கும் மீண்டும் ஒரு போட்டி 1942இல் நடப்பதாக இருந்தது. அதற்குமுன் குடும்ப விருந்தொன்றில் கான் தம் மாமனாரோடு கைகலந்து, அவர் தலையில் குத்தித் தம் கையை முறித்துக்கொண்டார். மாமனார் தலை கெட்டியானது போலும். அப்போது போர் நடந்துகொண்டிருந்தது. இருவரும் படையில் பணியாற்றினர். 1946 ஜூன் 19 அன்று யாங்கி ஸ்டேடியத்தில் மீண்டும் சந்தித்தபோது கானின் கால்கள் பழைய கால்களாய் இல்லை. ஓடலாம், ஒளிய முடியாது என்று லூயிஸ் முன்கூட்டிச் சொன்ன சொல் பழமொழியாகிவிட்டது; எட்டாம் சுற்றில் அது மெய்யுமாயிற்று. அந்தப் போட்டியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

இருவரும் பின்னர் நண்பர்களாக வாழ்ந்தனர். அந்தப் பட்டத்தைச் சில காலம் எனக்குக் கடனாகத் தந்திருக்கக் கூடாதா என்று கான் ஒருமுறை வேடிக்கையாய்க் கேட்டாராம். பன்னிரண்டு சுற்றுகள் உன்னிடம்தானே கொடுத்து வைத்திருந்தேன், உனக்கு வைத்துக்கொள்ளத் தெரியவில்லையே என்ற பொருளில் லூயிஸ் விடை கூறினாராம். பதினோர் ஆண்டுகளுக்கு மேல் பட்டத்தைக் காத்து, இருபத்தைந்து முறை வெற்றிகரமாகத் தற்காத்த லூயிஸ், வரிக்கடனில் சிக்கி அல்லலுற்றார். லாஸ் வேகாஸ் விடுதி ஒன்றில் விருந்தினரை வரவேற்கும் பணியில் இறுதி நாள்களைக் கழித்து, 1981இல் மறைந்தார். நாட்டுக்காகப் பணியாற்றிய படைவீரர்கள் துயிலும் ஆர்லிங்டன் கல்லறையில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

கான் 1993 வரை வாழ்ந்தார். 1990இல், தம் எழுபத்திரண்டாம் வயதில், ஒருநாள் பிட்ஸ்பர்கில் ஒரு கடைக்குள் நுழைந்தபோது, திருடன் ஒருவன் கடைக்காரரைத் தாக்கிக்கொண்டிருக்கக் கண்டார். முதியவர் குறுக்கே புகுந்து ஒரு குத்து விட்டார். இருவரும் கட்டிப் புரண்டனர். திருடன் தப்பி ஓடினான். பிறகு தொலைக்காட்சிக்காரர்கள் வந்து கேட்டபோது, எப்போதும் தனக்கு மிக நன்றாக வரும் குத்தையே விடவேண்டும், அது இடக்கை நேர்க்குத்து என்று கான் அவர்களிடம் சொன்னார்.